புளியமர போன்சாய்க்கு எந்தத் தொட்டி பொருந்தும்?

கேள்வி: நெல்லைப்புளி

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளுக்கு முன், குழம்புக்குக் கரைத்துக் கொட்டிய சக்கையிலிருந்து எங்கள் கொல்லைப்புறத்தில் ஒரு புளியங்கன்று தானாக முளைத்தது. முதல் நான்கு ஆண்டுகள் அதைத் தரையிலேயே விட்டு வைத்தேன். பிறகு பெயர்த்தெடுத்து, இருபது லிட்டர் பெயிண்ட் வாளியைப் பாதியாக அறுத்து அதில் நட்டு, கம்பி கட்டியும் நுனி கிள்ளியும் வளர்த்து வருகிறேன். இன்று அது மண்மட்டத்திலிருந்து உச்சி வரை 48 செ.மீ. உயரம் இருக்கிறது, கிளைகள் இருபுறமும் விரிந்ததில் அகலம் 54 செ.மீ. ஆகிவிட்டது, அடித்தண்டின் குறுக்களவு 5 செ.மீ. பட்டை இப்போதுதான் வெடித்துச் சொரசொரப்பாகி, சாலையோரப் புளியமரத்தின் சாயலைக் காட்டத் தொடங்கியிருக்கிறது.

இனி இதை வாளியிலிருந்து எடுத்து முறையான போன்சாய் தொட்டிக்கு மாற்ற எண்ணுகிறேன். இங்குள்ள ஒரு நாற்றுப்பண்ணையில் மூன்று தொட்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது, கருநீல மெருகு பூசிய முட்டை வடிவத் தொட்டி. நீளம் 40 செ.மீ., ஆழம் 5 செ.மீ. இரண்டாவது, மெருகு இல்லாத அடர்பழுப்பு நிறச் செவ்வகத் தொட்டி. நீளம் 30 செ.மீ., ஆழம் 10 செ.மீ. மூன்றாவது, சாதாரணச் சுடுமண்ணில் செய்த வட்டத்தட்டு; குறுக்களவு 35 செ.மீ. நீலத் தொட்டிதான் என் மனத்தைக் கவர்ந்தது என்பதையும், அதன் விலையே என்னைத் தயங்க வைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாடி மேற்கு நோக்கியது. பிற்பகல் வெயில் நேராக விழும். அளவு, வடிவம், நிறம் ஆகியவற்றை எந்த அடிப்படையில் முடிவு செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: மொட்டைமாடி (சென்னை)

வணக்கம் அம்மா. அளவுகளைச் சரியாகக் கொடுத்திருப்பதால் உங்களுக்குப் பதில் சொல்வது எளிதாக இருக்கிறது. பெரும்பாலானோர் மங்கலான ஒரு படத்தைப் போட்டுவிட்டு எந்தத் தொட்டி என்று கேட்பார்கள்.

ஜப்பானிய மொழியில் ‘போன்’ என்பது ஆழம் குறைந்த கலத்தையும் ‘சாய்’ என்பது நடுதலையும் குறிக்கும். பெயரிலேயே மரம் இல்லை, தொட்டிதான் இருக்கிறது. ஆனால் காட்சிக்கு வைக்கும்போது தொட்டி முந்திக்கொண்டு கண்ணில் படக் கூடாது என்பதே அந்தக் கலையின் எதிர்பார்ப்பு. மரமும் தொட்டியும் இசைந்து நிற்பதை அவர்கள் ‘ஹச்சி உட்சுரி’ என்கிறார்கள். 1934ஆம் ஆண்டு தொடங்கி டோக்கியோவில் நடந்துவரும் கொகுஃபு என்ற போன்சாய் கண்காட்சிக்கு மரங்களைக் கொண்டுவருபவர்கள், ஆண்டு முழுவதும் எளிய வளர்ப்புத் தொட்டியில் இருந்த மரத்தைக் காட்சிக்கென்றே வேறு தொட்டிக்கு மாற்றுவதும் உண்டு.

அளவுக்கு அவர்கள் கையாளும் கணக்கு எளியது. மரத்தின் உயரம், அகலம் இரண்டில் எது பெரியதோ அதில் மூன்றில் இரண்டு பங்கு தொட்டியின் நீளமாக இருக்க வேண்டும். ஆழம் அடித்தண்டின் குறுக்களவுக்கு ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். தொட்டியின் அகலம், முன்னும் பின்னுமாக விரியும் கிளைகளின் பரப்பைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் மரம் உயரத்தைவிட அகலம் கூடியது என்பதால் 54 செ.மீ.யைக் கணக்கில் எடுத்தால் நீளம் 36 செ.மீ. வருகிறது, ஆழம் 5 செ.மீ.

இந்த ஆழத்தை மட்டும் நம் ஊருக்கு நான் அப்படியே ஏற்க மாட்டேன். 36 செ.மீ. நீளமும் 26 செ.மீ. அகலமும் உள்ள ஒரு செவ்வகத் தொட்டியின் சுவரும் அடியும் ஒரு செ.மீ. தடிப்பு என்று வையுங்கள். வெளியாழம் 5 செ.மீ. என்றால் உள்ளே கொள்ளும் மண் 3.3 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதையே 7 செ.மீ. ஆக்கினால் 4.9 லிட்டர் கொள்ளும். எட்ட நின்று பார்க்கும் கண்ணுக்கு இரண்டு செ.மீ. பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் மண் ஒன்றரை மடங்காகிறது. சித்திரை வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மாலை வரை தாங்குமா என்பதை அந்த ஒன்றரை லிட்டர் மண்தான் முடிவு செய்யும். முட்டை வடிவத்தில் மூலைகள் இல்லாததால் கொள்ளளவு இன்னும் குறையும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வடிவத்தைப் பொறுத்தவரை, கூரிய மூலைகளுள்ள செவ்வகம் நிமிர்ந்து தடித்த ஊசியிலை மரங்களுக்கும், முட்டை வடிவம் வளைவும் விரிவும் கொண்ட இலையுதிர் மரங்களுக்கும் உரியவை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். புளி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்பது என் கருத்து. பட்டையில் முரட்டுத்தனம் இருக்கிறது. ஆனால் சீப்பின் பற்களைப் போல அடுக்கிய சிற்றிலைகளும், அவை இரவில் கைகூப்பியது போல் மடிந்துகொள்வதும் அதற்கு ஒரு மென்மையைக் கொடுத்துவிடுகின்றன. ஆகவே மெருகு இல்லாத, பழுப்பு அல்லது செம்பழுப்பு நிறமுள்ள, முட்டை வடிவத் தொட்டியையோ மூலைகளை மழுக்கிய செவ்வகத்தையோ நான் தேடுவேன். கருநீலம் காகிதப்பூவுக்கு அழகாக இருக்கும்; புளிக்கு வைத்தால் வருகிறவர்கள் தொட்டியைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் பழுப்புச் செவ்வகம் நிறத்தில் சரி. ஆனால் 54 செ.மீ. விரிந்த மரத்துக்கு 30 செ.மீ. நீளமும் 10 செ.மீ. ஆழமும் ஒரு பெட்டியின் மேல் குடையை விரித்ததுபோல் தெரியும். வட்டத்தட்டு, ஒல்லியாக உயர்ந்து உச்சியில் மட்டும் இலை தாங்கும் மரங்களுக்குப் பொருந்தும். மூன்றையுமே வாங்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை, மன்னிக்கவும்.

மறுமொழி: வேர்முதல் (கோயம்புத்தூர்)

மேலே உள்ள நண்பர் சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் மரத்தை மேலிருந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறார். நான் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கடையில் மெருகிட்ட அழகான தொட்டி ஒன்றை வாங்கினேன். அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே ஒரு துளைதான் இருந்தது. அதுகூடப் பெரிய குற்றமில்லை. உள்தரை துளையை நோக்கிச் சரியாமல், துளையைச் சுற்றி ஒரு மேடாகவும் ஓரங்களில் பள்ளமாகவும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பெய்தபோது அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, என் ஆலங்கன்றின் வேர்கள் அழுகின. இலை மஞ்சளாகி உதிர்ந்ததைத் தண்ணீர்க் குறைவு என்று எண்ணி மேலும் ஊற்றினேன். எடுத்துப் பார்த்தபோது சாக்கடை நாற்றம் வீசியது. வேரின் தோல் விரலோடு உரிந்து வந்தது. அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும், கேட்டு வாங்கிய ஒரு தம்ளர் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றி, சமதரையில் வைத்து, எங்காவது தேங்குகிறதா என்று பார்த்த பிறகே விலை கேட்கிறேன். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆழமற்ற தொட்டி விரைவில் காயும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதுவே ஆழமான தொட்டியைவிட அதிகமாக ஊறியும் கிடக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பாத்திரம் துலக்கும் புதிய ஸ்பாஞ்சு ஒன்றை நன்றாக நனைத்து, படுக்கைவாக்கில் அசைக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். சொட்டுவது நின்றதும், பிழியாமல், அதைக் குறுகிய பக்கம் கீழே வரும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். மீண்டும் தண்ணீர் சொட்டும். ஸ்பாஞ்சும் அதுதான், தண்ணீரும் அதுதான். உயரம் மட்டுமே மாறியது. மண்ணிலும் இதுவே நடக்கிறது. தொட்டி எவ்வளவு ஆழமாக இருந்தாலும், வடிந்து முடிந்த பிறகு அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரம் முழுமையாகப் பிடித்து நிற்கும். அந்த உயரத்தை முடிவு செய்வது மண் துகள்களின் பருமனே தவிர தொட்டியின் ஆழம் அல்ல. முப்பது செ.மீ. தொட்டியில் அது ஒரு சிறு பகுதி, ஐந்து செ.மீ. தட்டில் பொடிமண்ணைப் போட்டால் வேரெல்லாம் அந்தச் சேற்றுக்குள்தான். எனவே தொட்டியின் ஆழத்தைக் குறைக்கக் குறைக்க, மண் துகள்களின் பருமனைக் கூட்ட வேண்டும். செங்கல் நொறுங்கலையும் பருமணலையும் சலித்து, மாவு போன்றதை அறவே நீக்கி, இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை உள்ளதை மட்டும் எடுத்து, மட்கிய தொழு உரத்தைச் சிறிதளவு கலந்துகொள்ளுங்கள். அடியில் ஜல்லி பரப்பினால் நன்றாக வடியும் என்பது தவறு. ஈரம் நிற்கும் அந்த மட்டம் ஜல்லிக்கு மேலே ஏறிக்கொள்ளும், வேருக்கான இடம்தான் குறையும்.

இன்னொன்று, அம்மா. இத்தனை ஆண்டுகளாக வாளியில் இருக்கும் புளிக்கு ஆணிவேர் எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா? வேரைப் பார்க்காமல் தொட்டி வாங்குவது காலை அளக்காமல் செருப்பு வாங்குவதுபோல. தண்டு இன்னும் பருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தாலும் இப்போது மாற்ற வேண்டாம். ஆழம் குறைந்த தொட்டிக்குள் வந்துவிட்டால் தண்டு பருப்பது ஏறத்தாழ நின்றுவிடும்.

மறுமொழி: சக்கரத்தார் (புதுச்சேரி)

நான் மரம் வளர்ப்பவன் அல்லன், மண் பிசைகிறவன். தொட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜப்பானில் ஐச்சி மாநிலத்தைச் சேர்ந்த தோக்கோனாமே ஊரும், சீனாவில் ஜியாங்சு மாகாணத்தைச் சேர்ந்த யிஷிங் ஊரும் போன்சாய் தொட்டிகளுக்குப் பெயர் பெற்றவை. தோக்கோனாமே, ஜப்பானின் ‘ஆறு பழஞ்சூளைகள்’ எனப்படும் பழமையான மட்பாண்ட ஊர்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. யிஷிங், ஊதா நிறக் களிமண்ணில் செய்த தேநீர்க் கூசாக்களுக்கும் புகழ்பெற்றது. அந்த மண்ணில் இரும்புச் சத்து மிகுதி. உயர்ந்த வெப்பத்தில் சுடும்போது மெருகே இல்லாமல் இறுகி, பழுப்பும் ஊதாவும் கலந்த நிறத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. மேலே நண்பர் சொன்ன மெருகில்லாப் பழுப்பு அப்படி வந்ததுதான். நம் குயவர்களின் மண்ணிலும் இரும்பு இருப்பதால்தான் அது சிவக்கிறது. ஆனால் நம் சூளைகள் பெரும்பாலும் 1000 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுடுவதால் மண் இறுகி அடைபடுவதில்லை, நீரை உறிஞ்சும். ஸ்டோன்வேர் என்று நாங்கள் சொல்லும் பாண்டம் 1200 டிகிரிக்கு மேல் சுடப்படுவது. அது உறிஞ்சாது, தட்டினால் மணிபோல் ஒலிக்கும். புதுச்சேரியில் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறை தொடங்கப்பட்ட பிறகு இந்தப் பகுதியில் அத்தகைய பட்டறைகள் பெருகின.

எது நல்லது என்று கேட்டால், உங்கள் மேற்கு வெயிலுக்குச் சுடுமண்ணைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்பேன். பானைத் தண்ணீர் குளிர்வது எதனாலோ, அதனாலேயே சுடுமண் தொட்டியின் சுவரும் வேரும் குளிர்ந்திருக்கும். வெளிநாட்டு நூல்கள் சுடுமண்ணை விலக்கச் சொல்வது உறைபனிக்காக. சுவரில் ஊறிய நீர் உறைந்து விரிந்தால் தொட்டி பிளக்கும். திருநெல்வேலிக்கு அந்தக் கவலை எதற்கு? ஆனால் இரண்டு குறைகள் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றினால் வெளிச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும்; அகலமான தட்டை ஒரு விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் கையோடு ஒரு துண்டு வந்துவிடும். எப்போதும் இரு கைகளையும் அடியில் கொடுத்தே தூக்க வேண்டும்.

உங்கள் பக்கத்துக் குயவரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டங்களைச் செய்பவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். முட்டை வடிவத்துக்கு அச்சு தேவையில்லை. சக்கரத்தில் வட்டமாக எடுத்து, அடியில் ஒரு கீற்று மண்ணை வெட்டி நீக்கி, இருபக்கமும் அணைத்து ஒட்டினால் போதும். ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: காய்ந்து சுட்டு வரும்போது மண் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். 36 செ.மீ. வேண்டும் என்றால் ஈரமண்ணில் 40 செ.மீ. இருக்க வேண்டும். பாதி காய்ந்த பதத்திலேயே 2.5 செ.மீ. அகலத்தில் இரண்டு வடிகால் துளைகளும், மரத்தைக் கம்பியால் கட்டி நிறுத்த நான்கு சிறு துளைகளும் இடச் சொல்லுங்கள். சுட்ட பிறகு துளையிடுவது துணிச்சல்காரர்கள் வேலை. விளிம்பு உள்ளே மடிந்திருக்கக் கூடாது. மடிந்தால் அடுத்த முறை மண்கட்டியோடு மரத்தை வெளியே எடுக்க முடியாது. உட்புறம் மெருகு வேண்டாம்.

மறுமொழி: செம்மண்காடு (புதுக்கோட்டை)

செலவு குறைய வேண்டும் என்றால் சிமெண்டில் நீங்களே வார்த்துக்கொள்ளலாம். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசியும் என்பதால், சில வாரங்கள் தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். எடை அதிகம், அழகு குறைவு. வளர்ப்புக் காலத்துக்குப் போதும்.

மறுமொழி: நெல்லைப்புளி

அனைவருக்கும் நன்றி. வேர்முதல் ஐயா சொன்னது மனத்தை உறுத்தியதால், நேற்று மாலை வாளியின் ஓரத்தைக் கத்தரித்து விலக்கி, மண்ணைக் குச்சியால் மெல்லக் கிளறிப் பார்த்தேன். ஆணிவேர் என் கட்டைவிரல் பருமனில் இறங்கி, வாளியின் அடியை முட்டி, ஒன்றரைச் சுற்றுச் சுற்றிக் கிடக்கிறது. மேல்மட்டத்தில் நல்ல பக்கவேர்கள் மூன்று. மூன்றும் ஒரே பக்கம். மறுபக்கம் மெல்லிய சல்லிவேர்கள் மட்டுமே இருக்கின்றன. ஈரச் சாக்கைச் சுற்றி மூடி வைத்துவிட்டேன்.

பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, 36 செ.மீ. நீளத்தில் 5 செ.மீ., 7 செ.மீ., 10 செ.மீ. உயரமுள்ள மூன்று பட்டைகளைச் செய்து, ஒவ்வொன்றாக மரத்தின் முன் நிறுத்திப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். பத்து, மொட்டைமாடி ஐயா சொன்னபடியே பெட்டி. ஐந்துக்கும் ஏழுக்கும் என் கணவரால் வேறுபாடு சொல்ல முடியவில்லை. நீலத் தாளை ஒட்டியும் ஒருமுறை பார்த்தேன். அவர் உடனே, “தொட்டி நன்றாக இருக்கிறதே” என்றார். அத்துடன் நீலத்தின் மீதிருந்த ஆசை தீர்ந்தது. தண்டின் பருமன் எனக்குப் போதும். ஆனால் இந்த ஆணிவேரை வைத்துக்கொண்டு ஏழு செ.மீ. ஆழத்துக்கு எப்படி வருவது?

மறுமொழி: வேர்முதல் (கோயம்புத்தூர்)

ஒரே வெட்டில் வர வேண்டாம். இப்போது ஆணிவேரின் சுற்றிய பகுதியை மட்டும், ஏறத்தாழப் பாதி நீளத்தை, கூரிய ரம்பத்தால் அறுத்து நீக்குங்கள். பிறகு பத்து அல்லது பன்னிரண்டு செ.மீ. ஆழமுள்ள அகலமான பிளாஸ்டிக் பேசினில், அடி முழுவதும் துளையிட்டு, மேலே சொன்ன பருமண் கலவையில் நடுங்கள். கிளைகளையும் அதற்கேற்ப ஓரளவு குறைத்துவிடுங்கள். வெறுமையாக உள்ள பக்கத்துச் சல்லிவேர்களை வெட்டாமல் விரித்துப் பரப்புங்கள். அடுத்த ஆண்டு எடுத்துப் பார்த்து, வெட்டுக்கு மேலிருந்து புதிய வேர்கள் கிளைத்திருந்தால், எஞ்சிய ஆணிவேரை அடித்தண்டுக்கு நெருக்கமாக அறுத்து, அதன் பிறகு தட்டுக்கு மாற்றுங்கள். இரண்டு முறையும் மாசிக் கடைசியில் தளிர் விடும் முன்போ, ஆடியில் வெயில் தணிந்த பிறகோ செய்யுங்கள். அக்னி நட்சத்திரத்தில் தொடவே வேண்டாம்.

தட்டில் நடும்போது நட்ட நடுவில் வைக்காமல், நீண்ட கிளை எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கமாகச் சற்றுத் தள்ளியும், நடுக்கோட்டிலிருந்து சிறிது பின்னாகவும் வையுங்கள். தொட்டியை மாடித் தரைமேல் வைக்காமல் ஒரு மரப்பலகைமேல் ஏற்றி வையுங்கள். பிற்பகலில் சிமெண்ட் தரை வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், அந்தச் சூடு நேரே வேருக்குப் போகும்.

மறுமொழி: நெல்லைப்புளி

அப்படியே செய்கிறேன். தொட்டி செய்துகொள்ள ஓர் ஆண்டு அவகாசம் கிடைத்துவிட்டது. இங்கே பொங்கல் பானை செய்யும் ஒரு பெரியவரிடம் ஈரமண்ணில் 40 செ.மீ. நீளம், 29 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் இதுவரை முட்டை வடிவத்தில் எதுவும் செய்ததில்லையாம். அட்டையில் வெட்டிய அடிப்பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். கால்கள் மூன்றா நான்கா என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை. சக்கரத்தார் ஐயா சொல்ல வேண்டும்.

மறுமொழி: சக்கரத்தார் (புதுச்சேரி)

முட்டை வடிவத்துக்கு நான்கு. மூன்று கால் வட்டத்துக்குப் போதும். நீண்ட தொட்டியில் ஒரு முனை தாங்கலின்றி நின்று, நனைந்த மண்ணின் எடையில் விரிசல் விடும். நான்கு கால் என்றால் சுட்ட பிறகு ஆடத்தான் செய்யும். சமமான சிமெண்ட் தரையில் கொஞ்சம் மணலும் தண்ணீரும் தூவி, தொட்டியை அதன்மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். உயர்ந்த கால் தேய்ந்து ஆட்டம் நின்றுவிடும். மண்ணை நிரப்புவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கால் குறைந்தது ஒரு செ.மீ. உயரம் இருக்கும்படி பெரியவரிடம் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் துளை பலகையோடு ஒட்டி அடைபடும்.